ஐந்தாம் மாடிச் சட்டை

தச்சிகாவா ரயில் நிலையத்துக்குப் பின்னால்
நாற்பது பேர் உட்காரும் தியேட்டர்.
ஒன்றுமே நடக்கவில்லை என்று
பாதியில் எழுந்து போனார்கள் இரண்டு பேர்.
நான் இருந்துவிட்டேன்.
வெளியே மழை, குடை இல்லை.

பதினான்காம் எண் கட்டடம்.
எண்ணை ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறார்கள்,
கடைசி ரயிலில் குடித்துவிட்டு வருகிறவர்கள்
பதின்மூன்றில் போய் மணி அடிக்காமலிருக்க.
ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது.
பால்கனிதோறும் மெத்தைகள்
வெயிலுக்கு நாக்கை நீட்டிக் கிடக்கின்றன.

காற்று வருகிறது.
மேலே எங்கிருந்தோ ஒரு வெள்ளைச் சட்டை
கிளிப்பை உதறிவிட்டு இறங்கி
இரண்டாம் மாடிக் கம்பியில் உட்காருகிறது,
வரச் சொல்லியிருந்ததுபோல.

ஹதானோ அதைப் பார்க்கும்போது மணி ஏழரை.
சிமெண்ட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர்.
மனைவி இல்லை. ஏன் என்று படம் சொல்லவில்லை.
ஒரு கப் அரிசி அளக்கிறார்,
கை தானாக இன்னொரு கப் போடுகிறது,
அதைத் திரும்ப டப்பாவில் கொட்டுகிறார்.
அவ்வளவுதான் சொல்கிறது.

சட்டையைத் துவைத்தார்.
இஸ்திரி போடத் தெரியாது.
காலரில் தொடங்கிக் கைக்கு வருவதற்குள்
காலர் கசங்க
மறுபடி காலர்.
கேமரா அசையவே இல்லை.
ஆறு நிமிடம் இருக்கும்.
பின்வரிசையில் யாரோ குறட்டை விட்டார்.

மறுநாள் மூன்றாம் மாடிக் கதவின் கைப்பிடியில்
ஒரு காகிதப் பை. சட்டை, சின்ன ஆரஞ்சு இரண்டு,
ஒரு சீட்டு:
‘உங்கள் சட்டை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது.’
எங்கள் என்று எழுதியிருந்தார்.

மித்சுயோ வேலையிலிருந்து வருவதற்குள்
பள்ளிக்கூடம் விட்டு வந்த தேப்பெய்
இரண்டு பழத்தையும் தின்றுவிட்டான்.
மேஜையில் தோல்.
சட்டையை விரித்துப் பார்த்தாள்.
அவள் கணவன் இரண்டு பேராக இருந்தால்
பொருந்தியிருக்கும்.

எங்களுடையது இல்லை என்று கொண்டுபோய்க் கொடுக்கலாம்.
கொடுத்தால்
பழம் வந்து நடுவில் நிற்கும்.

மேலே ஏறினாள்.
நான்காம் மாடியில் வயலின் சொல்லித்தரும் பெண்
கதவை ஒரு சாண் திறந்து
எங்கள் வீட்டில் ஆம்பிளையே கிடையாதே என்றாள்.
ஐந்தாம் மாடியில் மணி அடிக்கவில்லை,
மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள்.
தபால் துளையில் குறுக்கே டேப்.
ஞாயிற்றுக்கிழமை வந்த லாரி அவளுக்கு ஞாபகம் வந்தது.
எல்லாவற்றையும் ஏற்றியிருக்கிறார்கள்,
காயப்போட்டதைத் தவிர.

படிக்கட்டுக்காரர்களுக்கான சுற்றறிக்கைப் பலகையில்
குரோசே என்ற பெயருக்கு நேரே
போன மாதம் சிவப்பு முத்திரை, கொஞ்சம் சாய்வாக.
இந்த மாதம் கட்டம் மட்டும்.

சனிக்கிழமை அந்தச் சட்டையைத்
தன் வீட்டுக் கொடியில் போட்டாள்.
அடுத்த சனிக்கிழமையும்.
அழுக்கே ஆகாததை நனைத்து, பிழிந்து, உதறி.
யாருடையது என்று கேட்டான் கணவன்.
கீழ்வீட்டுக்காரருக்காக, என்றாள்.
அவன் முள்ளங்கி ஊறுகாயைக் கடித்தபடி
கொஞ்சம் யோசித்தான்,
சத்தம் கேட்கும்படி மென்றான்,
வேறெதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் படிக்கட்டுத் திருப்பத்தில்
இரண்டு ஆண்களும் எதிர்ப்பட்டார்கள்.
குனிந்து வணங்கினார்கள். குளிர்தான் என்றார் ஒருவர்.
குளிர்தான் என்றார் மற்றவர்.
ஹதானோ நிமிரும்போது அந்தச் சின்னத் தோள்களை
ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார்.
பிறகு வழிவிட்டார்.

இன்னும் என்னவோ வந்தது,
விளையாட்டு மைதானத்துக் கான்கிரீட் ஆமை,
ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் வரும் மெட்டு,
அதைக் கேட்டதும் சைக்கிளைத் திருப்பும் பையன்கள்.

கடைசியில் மறுபடி சனிக்கிழமை, மறுபடி காற்று.
மூன்றாம் மாடியில் சட்டை உப்பி எழுகிறது.
இந்த முறை நான்கு கிளிப் போட்டிருக்கிறாள்.
கீழே ஹதானோ
குப்பையைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்கிறார்,
அண்ணாந்து,
விழுந்தால் பிடிக்கிற தூரத்தில்.